குறைந்த தீவனம், நிறைந்த முட்டை

கமலவேணி கேட்ட ஒரு சாதாரணக் கேள்வியோடு போன வாரம் உங்களை நிறுத்தி வைத்தேன். குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போக வேண்டும், எந்த வெள்ளிக்கிழமை தோதுப்படும் என்று மகளிடம் கேட்டாள். பெண்கள் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தனப்பிரியா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "எந்த வெள்ளின்னாலும் செரிம்மா, எனக்கு ஒண்ணும் பிரச்சினையில்ல" என்றாள்.

புரட்டாசியில் கேட்டபோதும் இதே பதில்தான். தைப்பூசத்துக்குக் கேட்டபோதும் இதே பதில்தான். இப்போது மாசி பிறந்துவிட்டது.

நடுவில் தினமும் சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றியதும் அவள்தான். ஒரு நாளாவது, "அம்மா, இன்னைக்கு நீ ஏத்திரு" என்று ஒதுங்கியதில்லை. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று கமலவேணி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுப்பாம், பொறுப்பு! பெற்றவள் கண்ணுக்கு முன்னால் இத்தனை மாதமாக எரிந்த விளக்கு, அவளுக்கு அன்றைக்குத்தான் வெளிச்சம் காட்டியது.

பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பெற்ற தாய்க்கு முதலில் என்ன பயம் வருமோ, அதுவே கமலவேணிக்கும் வந்தது. அதை வாய்விட்டுக் கேட்டும் விட்டாள்.

"என்னம்மா நீ! எனக்கு ஓடறதுக்கும் தூங்கறதுக்குமே நேரம் பத்தல" என்று தனப்பிரியா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை.

"அப்பறம் ஏன்டி வரல?"

"ஓடற புள்ளைங்க நெறையப் பேருக்கு இப்படித்தாம்மா. நல்லதுதான், போட்டி அன்னிக்குத் தொல்லையில்ல. அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லித் தொலைக்காத."

கமலவேணி சொல்லவில்லை. ஆனால் மகள் கொஞ்ச நாளாக இடது காலைச் சற்றுச் சாய்த்து வைத்து நடப்பதைக் கவனித்திருந்தாள். அதைக் காரணமாக வைத்து, சேலம் அஸ்தம்பட்டியில் விளையாட்டுக்காரர்களைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கினாள். கால் வலிக்கு என்றுதான் புருஷனிடம் சொன்னாள். பாதி உண்மை என்பது வீட்டில் எப்போதும் கையிருப்பில் இருக்கும் சாமான்தானே.

இந்த இடத்தில் புருஷனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காளியண்ணனுக்கு எருமப்பட்டிக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை. தீவனத்தையும் சொந்தமாகவே அரைக்கிறார். மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று அவர் வாயில் எந்நேரமும் கணக்கு ஓடும். பண்ணைக்காரர்களுக்கு ஒரு மந்திரச் சொல் உண்டு: எப்.சி.ஆர். தந்த முட்டைக்குக் கோழி எவ்வளவு தீவனம் தின்றது என்று காட்டும் எண் அது. அந்த எண் குறையக் குறைய முதலாளிக்குச் சந்தோஷம். குறைந்த தீவனம், நிறைந்த முட்டை. இதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வீடு கட்டினார், கார் வாங்கினார், மகளைக் கல்லூரியில் சேர்த்தார்.

அந்தச் சொல்லைப் பண்ணைக் கதவோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனுஷர் விடவில்லை. போன வருடம் தனப்பிரியா மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். வாழ்த்த வந்த சொந்தக்காரர்களிடம், "என்ற புள்ளைக்கு எப்.சி.ஆர். பிரமாதமுங்க! ரெண்டே இட்லி உண்டுட்டு ஊரையே சுத்தி ஓடியாரா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். தனப்பிரியாவும் சிரித்தாள். மறுநாள் காலை அவள் ஒரு இட்லி சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அது வீட்டில் நிரந்தரமான வேடிக்கையாகிவிட்டது. தீவன மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் அவள் ஏறி நிற்பாள். எடை குறைந்திருந்தால் அப்பா, "பாத்துக்கோ, இதுதான் கன்ட்ரோலு" என்று பண்ணை மேஸ்திரியிடம் காட்டுவார். மகள் முகத்தில் அப்போது வரும் மலர்ச்சியை அவர் பார்த்திருக்கிறார். அதைப் பார்க்கத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பாசத்தில்தான் சொன்னார், அதில் எனக்கும் சந்தேகமில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை கார் நாமக்கல் தாண்டியதும் கமலவேணி டப்பாவைத் திறந்தாள். அவித்த முட்டை. தனப்பிரியா பின்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிட்டு, வெள்ளைக் கருவைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவை டப்பா மூடியில் வைத்தாள்.

காளியண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அந்த மஞ்சளுக்கு நல்ல நிறம் வர வேண்டும் என்று அவர் தீவனத்தில் எத்தனை பாடுபட்டிருப்பார்!

"அத ஏன் சாமி ஒதுக்குற?" என்று மகளிடம் கேட்டார்.

"மஞ்சள்ல கொழுப்புங்கப்பா."

"உனக்குத்தான் கொழுப்பு" என்றாள் கமலவேணி.

மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள். ராசிபுரம் வரைக்கும் கார் கலகலப்பாகவே போனது. பேச்சு முழுக்க ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான். திருச்சியில் மாநில ஜூனியர் போட்டி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அடுத்த வருடம் அவளுக்கு ஜூனியர் வயது தாண்டிவிடும். அப்புறம் பெரியவர்களோடு மோத வேண்டும். இத்தனை நாள் ஓடியதெல்லாம் இந்த ஒரு ஓட்டத்துக்குத்தான்.

"தமிழரசு சார் என்ன சொல்றாரு?" என்று பயிற்சியாளரைப் பற்றிக் கேட்டார் அப்பா.

"டைமிங் கொஞ்சம் கொறையோணும்கறார். ஆறு மாசமா அங்கியே நிக்குது. இன்னும் ஒரு கிலோ எறக்கினா செரியாயிரும்."

எடை இறங்க ஆரம்பித்தபோது அவள் வேகம் கூடியது உண்மைதான். பிறகு எடை இறங்கிக்கொண்டே இருந்தது, வேகம் மட்டும் நின்றுவிட்டது. நின்றதற்கு இன்னும் பட்டினி கிடந்தால் சரியாகும் என்று அவள் நினைத்தாள். காரில் இருந்த இரண்டு பெரியவர்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

*

டாக்டர் நான்சிக்கு நாற்பது வயது இருக்கும். மேசையில் மாதாவின் சின்னப் படம், அதன் பக்கத்தில் பிளாஸ்டிக்கில் செய்த முழங்கால் மூட்டு. கால் வலி என்று வந்தவளை முதலில் காலைப் பற்றிக் கேட்காமல், "என்னம்மா சாப்பிடுவே?" என்று ஆரம்பித்தார்.

தனப்பிரியாவுக்கு இது பாடமாகத் தெரிந்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காலைல ஓட்ஸ், முட்டை வெள்ளைக்கரு. மத்தியானம் சுண்டல், காய். பிராக்டீஸ் முடிஞ்சு புரோட்டீன் பவுடர். நைட்டு கார்ப்ஸ் எடுக்கறதில்லீங்க."

"கார்ப்ஸ்னா?"

"கார்போஹைட்ரேட்டுங்க. சோறு, இட்லி, சப்பாத்தி."

"சோறு எப்பதான் சாப்பிடுவே?"

"எப்பயாவது. ஒரு கல்யாணத்துல நல்லா சாப்பிட்டேங்க டாக்டர். மறுநாள் காலைல ஒரு கிலோ ஏறிருச்சு. அதோட உட்டுட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒரே ராத்திரியில ஒரு கிலோ கொழுப்பு ஏறாதும்மா. அது தண்ணி. சாப்பிட்ட சோத்துல ஒரு பங்க உடம்பு கிளைகோஜனா மாத்தி தசையிலயும் ஈரல்லயும் சேத்து வைக்கும். நாளைக்கு ஓடறதுக்கு வேணுமே, அதுக்கான கையிருப்பு. ஒரு பங்கு கிளைகோஜன் மூணு பங்கு தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். தராசுல ஏறினது அதுதான். உன் டேங்க் நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். நீ பயந்துபோய்க் காலி பண்ணிட்டே."

தனப்பிரியாவின் நிமிர்ந்த முதுகு சற்றுத் தளர்ந்தது.

"மெதுவா நடக்கறப்போ கொழுப்பு எரியும். நீ ஓடற வேகத்துக்கு உடம்பு கேக்கறது கார்போஹைட்ரேட்டத்தான். வெறும் புரோட்டீன் பவுடரக் குடிச்சா, தசைய ரிப்பேர் பண்ண வேண்டிய புரோட்டீனையும் எடுத்து அடுப்புல போட்டுரும். அதும் வீணாப் போச்சு." பிறகு அதே குரலில், "கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துச்சு?" என்றார்.

காளியண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். இந்த மாதிரிப் பேச்சு வந்தால் ஆண்பிள்ளை எழுந்து வெளியே போய்விட வேண்டும், வெளியே போய் மேகத்தையோ டயரையோ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவர் பழகிய ஒழுங்கு.

"உக்காருங்க சார்" என்றார் டாக்டர். "உங்க பொண்ணோட எலும்பப் பத்தித்தான் கேக்கறேன். நீங்களும் இருங்க."

அவர் பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் விழித்தார். தனப்பிரியா தரையைப் பார்த்தாள். கமலவேணிதான் பதில் சொன்னாள்.

"ஆடிக்கு அப்பறம் வரலீங்க டாக்டர்."

காளியண்ணன் உட்கார்ந்துவிட்டார். மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

டாக்டர் மகளைப் படுக்க வைத்து முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் தனப்பிரியா பல்லைக் கடித்தாள். "எறங்கி இந்த ஒத்தக் கால்ல குதிம்மா" என்றார். நாமக்கல் மைதானத்தைத் தினமும் சுற்றிச் சுற்றி ஓடுகிற பெண், ஒருமுறை குதித்தாள். இரண்டாவது முறை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எலும்புல விரிசல் ஆரம்பிச்சிருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் தெரியும். பக்கத்து சென்டர்ல திங்கக்கெழம காலைல நேரம் வாங்கித் தரேன். ரத்தம், தைராய்டு எல்லாம் இன்னிக்கே குடுத்துட்டுப் போங்க, வேற காரணம் இருக்கான்னு பாத்துரலாம். ஆனா நான் என்ன நெனைக்கறேன்னு சொல்லிடறேன்." டாக்டர் மூன்று பேரையும் பார்த்துப் பேசினார். "நாம சும்மா படுத்துக் கெடந்தாலே உடம்புக்கு ஒரு செலவு உண்டு. இருதயம் அடிக்கணும், மூளை ஓடணும், சூடு கொறையாம இருக்கணும். இது அடிப்படைச் செலவு. இந்தப் பொண்ணு சாப்பிடறதுல பெரும்பங்க ஓட்டமே தின்னுருது. மீதி நிக்கறது அடிப்படைச் செலவுக்கே பத்தல. அப்போ உடம்பு என்ன பண்ணும்? எது இல்லாட்டியும் உயிர் போகாதோ, அத நிறுத்தும்."

"மெயின்டனன்ஸு" என்றார் காளியண்ணன்.

அது அவர் அறியாமல் வாயில் வந்த சொல். டாக்டர் திரும்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"கோழிக்கு நாங்க அப்படிச் சொல்வோமுங்க. தீவனத்துல இருக்கற எனர்ஜி மொதல்ல மெயின்டனன்ஸுக்குப் போகும். அது போக மீதி இருந்தாத்தானுங்க..."

நிறுத்திவிட்டார்.

"மீதி இருந்தாத்தான்?"

"முட்டைக்குப் போகும். தீவனம் கொறஞ்சா கோழி மொதல்ல நிறுத்தறது முட்டையத்தானுங்க."

இருபது வருடமாக ஆயிரக்கணக்கான கோழிகளிடம் தினமும் அவர் பார்த்துப் பழகிய விஷயம். ஒரு ஷெட்டில் முட்டை குறைந்தால் மறுநாளே தீவனத்தைச் சலித்துப் பார்க்கிற மனிதர். சொந்த மகளுக்கு நின்றுபோனது தெரியாமல், தீவனம் குறைந்ததற்குச் சபாஷ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. வெட்கத்தில் வந்த அழுகை அது, அவருக்கு அது புதிது.

"கணக்கு ஏறக்குறைய அதேதான்" என்றார் டாக்டர். "ஆனா மனுஷிக்கு அதோட நிக்காது. மாசாமாசம் வர்றது நின்னா, அத நடத்தற ஹார்மோனும் கொறஞ்சிருச்சுன்னு அர்த்தம். அந்த ஹார்மோன்தான் எலும்பையும் காப்பாத்தற காவல்காரன். இந்த வயசுல எலும்பு சேத்து வைக்கணும். இவ எழந்துட்டு வர்றா. அதுல தெனமும் ஓட்டம் வேற."

"ஞாயித்துக்கெழம எனக்கு ஸ்டேட் மீட்டுங்க டாக்டர்" என்றாள் தனப்பிரியா. அவள் குரல் சின்னதாக வந்தது.

"ஸ்கேன் பாக்கற வரைக்கும் ஓடக் கூடாதும்மா. விரிசல் இருந்து நீ ஓடினா ஒடஞ்சு போகலாம். ஒடஞ்சா இந்த வருஷம் மட்டும் போகாது."

*

திரும்பும் வழியில் ராசிபுரத்தில் ஒரு மெஸ்ஸில் இலை போட்டார்கள். மூன்று பேருக்கும் சாப்பாடு. நெய்க்குப் பேர் போன அந்த ஊரில் நெய் ஊற்றாமல் விட மாட்டார்கள். பரிமாறுகிறவர் கரண்டியோடு வந்ததும் தனப்பிரியாவின் கை பழக்கத்தில் இலையை மறைக்கப் போனது. பாதியில் நின்றது. பிறகு மடியில் இறங்கியது.

சோற்றின்மேல் நெய் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய ஆபத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"உண்ணு சாமி" என்றார் காளியண்ணன்.

"ரெண்டு இட்லிக்கு ஊரச் சுத்தறான்னு நீங்கதானுங்கப்பா சொன்னீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. அவள் ஏதோ நினைவுபடுத்துகிற மாதிரிதான் சொன்னாள். காளியண்ணன் இலையை ஒட்டிக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எடை கொறைஞ்சா நீங்க சிரிப்பீங்க" என்றாள் மறுபடியும். "ஒரு நாளு ஏறியிருந்துச்சு, அன்னிக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல. எனக்கு அன்னிக்குப் பூரா ஓட்டமே வரல."

"எந்நாளு?" என்றார் அவர். அவருக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

"பண்ணைப் பேச்ச ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கறேன்" என்றாள் கமலவேணி. அப்படி அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது அவளுக்கே தெரிந்ததால் உடனே குரல் இறங்கியது. "நான் மட்டும் என்ன யோக்கியம்? புள்ள தெனமும் விளக்கேத்தறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒரு நாளும் தவறாம எப்படி ஏத்தறான்னு கேக்கத் தோணல."

காளியண்ணன் மகள் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்மேலதான் சாமி. தீனி கம்மியா திங்கறது பெருமையில்ல. நான் சொன்னது தப்பு. அத மறந்துரு."

"செரிங்கப்பா."

"உண்ணு."

அவள் உண்டாள். முதல் கவளத்தை வெகுநேரம் மென்றாள். அடுத்தது சுலபமாக இறங்கியது. சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்தபோது அவள் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அண்ணா, இன்னுங் கொஞ்சம் சோறு" என்றாள். கமலவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வேர்வையைத் துடைக்கிற மாதிரி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தன் பிள்ளை பசியோடு சாப்பிடுவதைப் பார்க்கிற சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

காளியண்ணனுக்கும் மனசு லேசாகிவிட்டது. தப்பைச் செய்தோம், ஒத்துக்கொண்டோம், பிள்ளை சாப்பிட்டுவிட்டாள். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தார். ஆண்பிள்ளைகளுக்குக் கணக்கு சீக்கிரம் நேராகிவிடும்.

காரில் ஏறியதும், "தமிழரசு சாருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன், ஞாயித்துக்கெழம வரலேன்னு" என்றார்.

"வேண்டாங்கப்பா. நானே சொல்லிக்கறேன்" என்றாள் தனப்பிரியா. அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டார். அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கினாள். தூங்கினாளோ, கண்ணை மூடிக்கொண்டிருந்தாளோ.

*

பொழுது இறங்குகிற நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தார்கள். பண்ணை வாசலில் லாரி நின்றது. பழைய ஷெட்டுக் கோழிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கேரளாவுக்குக் கறிக்குப் போகிறவை. கூண்டுக்குள்ளிருந்து ஒரே இரைச்சல், காற்றெல்லாம் இறகு.

காளியண்ணன் காரை நிறுத்தின வேகத்தில் இறங்கி லாரி பக்கம் ஓடினார். வண்டியை நகர்த்தி நிறுத்த டிரைவர் பின்பக்கமாக எடுத்த எடுப்பில் வண்டி தண்ணீர்க் குழாயை இடிக்கப் பார்த்தது.

"ஓரமா! ஓரமா அடிங்க!"

தனப்பிரியா அவர் பின்னால் வந்து நின்றாள். ஒரு கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கோழிக எல்லாம் தீனி திங்கறதில்லீங்களாப்பா?"

"ஏன் திங்காம! நல்லாத்தான் திங்குது. லெப்ட்ல ஒடிங்க, லெப்ட்ல!"

"நோவுங்களா?"

"நோவெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்பறம் ஏன் ஏத்தறீங்க?"

"முட்டை இல்லியே சாமி" என்றார் காளியண்ணன், கண்ணைக் குழாயிலிருந்து எடுக்காமல். "முட்டை நின்னுபோச்சுன்னா, சும்மா தீனி போட்டு வெச்சிருந்து என்ன பண்றது? நிறுத்துங்க! போதும், நிறுத்துங்க!"

லாரி நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்தார். கோழிகளின் சத்தம் மட்டும் மீதி இருந்தது.

"ஞாயித்துக்கெழம நான் ஓடறேனுங்கப்பா" என்றாள் தனப்பிரியா.

அவர் திரும்பினார். அவள் முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. தான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்ட பிள்ளையின் முகம் அது. அவள் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் அறையின் கதவு சாத்தப்பட்டது.

முட்டை நின்ற கோழிக்குச் சொன்னதை, ஓட்டம் நின்ற மகள் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பது காளியண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கமலவேணி கார்ப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முட்டை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"போங்க. போயி அவகிட்டப் பேசுங்க" என்றாள். "கோழியப் பத்திப் பேசாதீங்க."

லாரிக்காரன் கோழிக்கான பணத்தோடு காத்துக்கொண்டிருந்தான். அவனை விட்டுவிட்டு காளியண்ணன் வீட்டுக்குள் போனார். சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் நின்றார். தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். இத்தனை வருடத்தில் மகளைக் கொஞ்சியதும் மெச்சியதும் எல்லாம் அந்தப் பண்ணைப் பேச்சில்தான். அதை எடுத்துவிட்டால் அவளிடம் சொல்வதற்குத் தன்னிடம் ஒரு சொல்லும் இல்லை என்பது, தூக்கிய கையோடு நின்ற அவருக்குத் தெரிந்தது.